இல்லாத பொருளுக்கு எந்த சார்ஜர்?

இந்தியாவில் இ-சிகரெட் கிடையாது. 2019 செப்டம்பர் 18-ஆம் தேதி மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து அறிவித்தார். அன்றோடு அது ஒழிந்தது. அவசரச் சட்டம் அந்த டிசம்பரிலேயே முழுச் சட்டமும் ஆகிவிட்டது. தமிழ்நாடு அதற்கும் முந்தி, 2018-லேயே தடை போட்டு டெல்லிக்கு வழிகாட்டியது. ஆகவே எங்கள் கடற்கரை ஊரான மீமிசலில் இ-சிகரெட் இல்லை. கோட்டைப்பட்டினத்தில் இல்லை, ஜெகதாப்பட்டினத்தில் இல்லை, மணமேல்குடியில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகத் தேடினாலும் இல்லை. இல்லாத பொருளுக்குப் பேட்டரி இருக்க முடியாது. இல்லாத பேட்டரிக்கு சார்ஜர் தேவையில்லை. தேவையில்லாத சார்ஜரில் எது நல்லது, எது ஆளைக் கொல்லும் என்று எந்த அதிகாரியும் வாய் திறக்க வேண்டியதில்லை.

கோப்பு முடிந்தது, கட்டி மேலே போட்டுவிடலாம். ஒரே ஒரு சங்கடம்தான். இல்லாத அந்தப் பொருள் ராத்திரி பதினோரு மணிக்கு எவனோ ஒரு கல்லூரிப் பையனின் தலையணைக்குப் பக்கத்தில், அறுபது ரூபாய் அடாப்டரில் மாட்டிக் கிடந்து சூடாகிக்கொண்டிருக்கிறது.

சட்டம் கடுமையானதுதான். தயாரித்தாலோ, இறக்குமதி செய்தாலோ, விற்றாலோ, விளம்பரப்படுத்தினாலோ முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சேமித்து வைத்தால் ஆறு மாதம் வரை, 50,000 ரூபாய் வரை. இழுத்தால்? இழுப்பவனுக்கென்று அந்தச் சட்டத்தில் ஒரு தண்டனைப் பிரிவும் கிடையாது. புகை நெஞ்சுக்குள் இருக்கும்வரை குடிமகன் நிரபராதி, பெட்டிக்குள் சரக்கு இருந்தால் குற்றவாளி. நுரையீரலைக் கிடங்கு என்று எழுத மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தடைக்குப் பிறகு என்ன ஆயிற்று? 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் ஒரே கண்டெய்னரைத் திறந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இ-சிகரெட்டுகளைப் பிடித்தது. பிடிபட்டது அது. பிடிபடாதது எவ்வளவு என்பதை அவரவர் ஊர்ப் பெட்டிக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். 2025 டிசம்பரில் மக்களவைக்குள்ளேயே ஓர் உறுப்பினர் இ-சிகரெட் இழுக்கிறார் என்று இன்னோர் உறுப்பினர் எழுந்து சபாநாயகரிடம் புகார் சொன்னார். உண்மையா பொய்யா என்பது அவர்கள் பாடு. ஆனால் கைப்பேனாவைக்கூடச் சோதித்து அனுப்புகிற கட்டடத்துக்குள் தடைசெய்த பொருள் நுழைந்திருக்கும் என்று ஓர் எம்.பி.யே நம்புகிறார் என்றால், சோதனையே இல்லாத மீமிசல் பஸ் ஸ்டாப்பைப் பற்றி நாம் என்ன பேச?

எங்கள் கரைக்கும் பேர் உண்டு, குறைத்துச் சொல்லக் கூடாது. 2024 மார்ச்சில் மீமிசல் பக்கத்து இறால் பண்ணை ஒன்றில் சுங்கத் துறையினர் ஹஷீஷும் கஞ்சாவுமாக மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். மதிப்பு 110 கோடி ரூபாய், இலங்கைக்குப் போக இருந்த சரக்கு என்றார்கள். மூட்டைகள் இங்கே வந்து இறங்கும்வரை வழியில் யார் கண்ணிலும் படவில்லை. இந்த லட்சணத்தில், மலேசியாவிலிருந்து லீவில் வருகிறவர் சூட்கேஸில் கோடாலித் தைலத்துக்கும் மில்க் பவுடருக்கும் நடுவே கிடக்கும் விரல் நீளக் கருவியைப் பிடித்துவிடுவோம் என்று சட்டம் சத்தியம் செய்கிறது. அங்கே பல மாநிலங்களில் அது கடையில் விற்கிற பண்டம். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருந்தாலே குற்றம், அங்கே அபராதமும் வசூலாகிறது. நமக்குச் சட்டம் சிங்கப்பூர் மாதிரி வேண்டும். அமலாக்கம் மட்டும் சந்தைப்பேட்டை மாதிரி இருந்தால் போதும்.

தடையே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. நிகோடின் பிள்ளைகளுக்கு ஆகாது. பழச்சுவை போட்டு விற்பவன் யாருக்காகப் போடுகிறான் என்பதும் தெரிந்ததே. ஆனால் யார் தடை போட்டார்கள் என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும். நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யின் பங்கில் ஏறக்குறைய கால்வாசி எல்.ஐ.சி. உள்ளிட்ட அரசு சார்ந்த நிறுவனங்களின் கையில் இருந்தபோது வந்த தடை இது. அறிவிப்பு வந்த அன்று சிகரெட் கம்பெனிப் பங்குகள் ஏறின. புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் பேர் சாகிறார்கள் என்பது அரசே சொல்லும் கணக்கு. அந்தப் புகையிலை பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, படம் போட்ட அட்டையில், ஒற்றை ஒற்றையாகவும் கிடைக்கும். தீக்குச்சியில் பற்றவைத்தால் வரிவருவாய், பேட்டரியில் பற்றவைத்தால் சமூக விரோதம்.

சரி, பேட்டரிக்கு வருவோம்.

மீமிசல் கடைத்தெருவில் என்றில்லை, அறந்தாங்கியிலோ தொண்டியிலோ எந்தச் செல்போன் கடை வாசலிலும் பாருங்கள். ஷாம்பு சரம் தொங்குவதுபோல சார்ஜர்கள் தொங்கும். ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். எடையே இருக்காது; உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கத் தோன்றும். அட்டையில் ‘65 வாட் ஃபாஸ்ட் சார்ஜ்’. திருப்பிக் கண்ணைச் சுருக்கிப் படித்தால், முதுகில் ‘5 வோல்ட், 1 ஆம்பியர்’. பெருக்கினால் 5 வாட். மீதி 60 வாட் அட்டையிலேயே தங்கிவிட்டது. பெரிய கம்பெனியின் பெயர் ஓர் எழுத்து மாறி அச்சாகியிருக்கும். ஐரோப்பிய முத்திரை ஒன்று இருக்கும். அது தயாரித்தவன் தனக்குத் தானே போட்டுக்கொள்வது, நம் நாட்டுச் சட்டத்தில் அதற்குச் செல்லாக்காசு மதிப்பும் இல்லை. இருக்கவேண்டிய ஒன்று மட்டும் இருக்காது.

“அண்ணே, இதுல பி.ஐ.எஸ். நம்பர் எங்க போட்டிருக்கு?”

“அதெல்லாம் உள்ள இருக்கும் தம்பி. வாரண்டி வேணும்னா முந்நூறு ரூபா, வாரண்டி இல்லாம நூறு ரூபா. எது வேணும்?”

“வெடிக்காம இருந்தா போதும்ணே.”

“ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடாதீங்க. அவ்வளவுதான்.”

இப்படித்தான் பேச்சு முடியும். தேசத்தின் மின்பாதுகாப்புக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக எந்த அமைச்சரும் சொன்னதில்லை: தூங்காதே.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. மொத்த வியாபாரி அனுப்பியதை அவர் தொங்கவிடுகிறார். அந்த எண்ணைப் பற்றி அவரிடம் யாரும் வந்து சொன்னதுமில்லை, கேட்டதுமில்லை. சொல்லவும் கேட்கவும் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு வேண்டும் என்ற ஆணை 2012-இல் வந்தது. செல்போன் அடாப்டர், பவர் பேங்க், லித்தியம் பேட்டரி எல்லாம் 2014 அறிவிப்பில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அடாப்டரின் உடம்பில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை, ஐ.எஸ். 13252 மாதிரியான தர எண், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண், இவை இருக்கவேண்டும். இல்லாததை விற்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம். படிக்கப் படிக்கப் புல்லரிக்கிறது. இந்தச் சட்டத்துக்காக ஒரு ஜீப் எங்கள் கடைத்தெருவில் நின்றதாக ஊரில் யாரையாவது சொல்லச் சொல்லுங்கள்.

அந்த எண் எதற்கு? வெறும் அதிகார அலங்காரம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரில் வருவது 230 வோல்ட். கருவிக்கு வேண்டியது 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே இருப்பது கட்டைவிரல் அளவு டிரான்ஸ்பார்மர் ஒன்று. ஒழுங்கான அடாப்டரில் அதன் இரண்டு சுற்றுக்கும் நடுவே மஞ்சள் டேப் சுற்றியிருப்பார்கள். பலகையில் 230 ஓடும் பக்கத்துக்கும் 5 ஓடும் பக்கத்துக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டராவது வெற்றிடம் விட்டிருப்பார்கள். கோளாறு வந்தால் முதலில் சாக ஒரு ஃபியூஸ் வைத்திருப்பார்கள். மலிவுச் சரக்கில் டேப் மிச்சம், இடைவெளி மிச்சம், ஃபியூஸ் மிச்சம். அந்த மிச்சம்தான் உங்கள் நூறு ரூபாய் விலை. முதலில் சாக ஃபியூஸ் இல்லாதபோது அந்த இடத்துக்கு யார் வருவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் கூடுதலாக உப்புக்காற்றும் உண்டு. ஆறே மாதத்தில் பிளக் முள்ளில் பச்சை பூத்துவிடும். பிடிப்பு விட்டு, மாட்டும்போதெல்லாம் பொறி பறக்கும்.

இன்னொரு பக்கம் பேட்டரி. இ-சிகரெட்டுக்குள் இருப்பதும் செல்போனில் இருக்கும் அதே லித்தியம் அயான் இனம்தான். 3.7 வோல்ட் என்று பேர், நிறைந்தால் 4.2. அதற்கு மேல் திணித்தால் உள்ளே சூடேறும், சூடு மேலும் சூட்டைக் கிளப்பும், பிறகு யாரும் நிறுத்த முடியாது. நிறுத்தவேண்டிய காவலாளிச் சில்லு கருவிக்குள் இருக்கவேண்டும். ஒரு வாரம் இழுத்துவிட்டுத் தூக்கி எறிவதற்கென்றே செய்த கருவியில் எவன் காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பான்? பேனா மாதிரி வகைகளில் இன்னும் மோசம்: திருகுமரை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுபோல இருக்கும், மின்கணக்கு வேறு வேறாக இருக்கும். ஒருவன் சார்ஜர் இன்னொருவன் பேட்டரியில் அழகாகத் திருகி உட்காரும். உட்கார்ந்ததாலேயே பொருந்திவிட்டது என்று பையன் நம்புகிறான்.

நான் பூச்சாண்டி காட்டவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2014-இல் ஓர் அறிக்கை போட்டது. 2009 முதல் 2014 ஆகஸ்ட் வரை செய்திகளில் வந்த இ-சிகரெட் வெடிப்பு, தீ விபத்துகள் 25. அவற்றில் 20 சார்ஜ் போட்டிருந்தபோது நடந்தவை. கம்பெனி கொடுக்காத அடாப்டரில் மாட்டியதை அந்த அறிக்கை முக்கியக் காரணமாகச் சுட்டியது. அடுத்த அறிக்கை 2017-இல். 2016 முடிய 195 சம்பவங்கள். 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவர் இறந்தே போனார். அங்கே அந்தப் பொருள் ‘இருக்கிறது’. அதனால் எண்ணினார்கள், எச்சரித்தார்கள், எந்த சார்ஜரில் மாட்டு, எதில் மாட்டாதே என்று எழுதிவைத்தார்கள். இங்கே தொடை வெந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் பையன் என்ன சொல்வான்? “செல்போன் வெடிச்சிருச்சு சார்” என்பான். உண்மையைச் சொன்னால் கட்டுப் போடுமுன் வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். டாக்டரும் அப்படியே எழுதிக்கொள்வார். கணக்கில் வராதது நடக்காதது. நடக்காததற்கு எச்சரிக்கை தேவையில்லை. என்ன ஒரு பிசிறில்லாத ஏற்பாடு!

இந்த லட்சணத்தில் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டால் இப்படித்தான் இருக்கும், நானே எழுதித் தருகிறேன்:

“பொதுமக்கள் கவனத்திற்கு. நாட்டில் இல்லாததான மேற்படி கருவியை வைத்திருப்போர், அதனைத் தரமற்ற அடாப்டர் மூலம் சார்ஜ் செய்யாதிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தரமான அடாப்டர் மூலம் சார்ஜ் செய்வதும் அனுமதிக்கப்படவில்லை. மீறிச் சார்ஜ் செய்து வீடு எரிந்தால் தீயணைப்பு வண்டி வரும். எரிந்த வீட்டில் கருவி மிஞ்சியிருந்தால் போலீஸ் வண்டியும் வரும். எந்த வண்டி முதலில் வரும் என்பது சாலையின் நிலையைப் பொறுத்தது.”

இ-சிகரெட்டோடு இது முடிந்திருந்தால் ‘இழுக்கிறவன் எரியட்டும்’ என்று ஒழுக்கசீலர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே அடாப்டர்தான் வீட்டில் எல்லாவற்றுக்கும். ஆப்பிள் கம்பெனி 2020-இல் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. பூமியைக் காப்பாற்றுவதற்காக என்றது. சாம்சங்கும் பின்னாலேயே வந்தது. பூமி காப்பாற்றப்பட்டது, மீமிசல்காரன் அந்த மாதமே கடைவாசல் சரத்திலிருந்து ஒன்றை அறுத்துக்கொண்டு போனான்.

எங்கள் கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அங்கெல்லாம் பிளக்குக்கு மூன்று தட்டையான செவ்வக முள். நம் சுவரில் வட்டத் துளை. துபாயிலிருந்து மச்சான் நல்ல சார்ஜராகத்தான் கொண்டுவந்து கொடுக்கிறார். தரம் உண்டு, உள்ளே ஃபியூஸ்கூட இருக்கலாம். அதை மாட்ட முப்பது ரூபாய்க்கு ஒரு ‘எல்லா முள்ளும் போகும்’ கட்டை வாங்குகிறோம். அதில் எர்த் வெறும் துளை, பின்னால் கம்பியே கிடையாது. இரண்டு முள் சார்ஜர் என்றால் சில வீடுகளில் அந்தக் கட்டையும் இல்லை: சுவர்த் துளையின் உள்மூடி திறக்க மேலே உள்ள எர்த் துளையில் பேனாவைக் குத்திப் பிடித்துக்கொண்டு, கீழே சார்ஜரின் இரண்டு முள்ளைத் திணிக்கிறார்கள். குழந்தை விரலை விட்டுவிடக் கூடாது என்று வைத்த மூடியை, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனாவால் திறந்து காட்டுகிறோம். மூன்றாம் நாள் அது தானே செய்யும்.

கடலுக்குப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் லைட் இருக்கிறதே, ராத்திரி வலை பிரிக்கும்போது கைகொடுப்பது, அதன் பின்னால் இழுத்தால் இரண்டு முள் வெளியே வரும். நேராகச் சுவரில் சொருகவேண்டியதுதான். மலிவு வகை பலவற்றில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. ஒரு கெப்பாசிட்டரை நடுவில் வைத்து 230 வோல்ட்டை நேரே உள்ளே விட்டிருப்பார்கள். கொசு பேட்டிலும் அதே கதை. பிளாஸ்டிக் உடைந்த இடத்தில் ஈரக்கை பட்டால் சுவர்க் கரண்டைத் தொட்டதாகவே அர்த்தம். மீனவன் கையில் ஈரம் இல்லாத நேரம் எது என்று தர நிர்ணயக்காரர்கள் யாராவது வந்து கேட்டதுண்டா?

2018 நவம்பரில் கஜா புயல் வந்து போனபின் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு செல்போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே நீட்டுக்கட்டையில் இருபது முப்பது சார்ஜர், எல்லாமே அதே சரத்துச் சரக்கு, கீழே ஈரத் தரை. அன்றைக்கு எதுவும் எரியாமல் போனது எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல. நிவாரணக் கணக்கெடுக்க வந்த அதிகாரிகளும் அதே கட்டையில்தான் தங்கள் போனைச் செருகியிருப்பார்கள், வேறெங்கே போவார்கள்?

ஆண்டுதோறும் மே 31-ஆம் தேதி, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். கோடை வெயிலில் பதாகை பிடித்து ஊர்வலம், உறுதிமொழி, போட்டோ. வேண்டாம் என்று சொல்லவில்லை, நடத்துங்கள். அந்த ஊர்வலம் கடைத்தெரு வழியாகத்தானே போகிறது. பதாகைக்குப் பின்னால் வரும் துறை அதிகாரிகளில் ஒருவர் இரண்டடி ஒதுங்கி, தொங்கும் சரத்திலிருந்து ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? புகைக்கு ஒரு துறை, மின்சாரத்துக்கு ஒரு துறை, தரத்துக்கு ஓர் அமைவனம், கடத்தலுக்கு ஓர் இயக்குநரகம், கடைக்கு உரிமம் கொடுக்க ஊராட்சி. இத்தனை பேர் சேர்ந்து காக்கும் ஊரில் தீயை அணைக்கக் கடைசியில் வருவது பக்கத்து வீட்டு வாளி.

யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். செல்போனோ, நெற்றி லைட்டோ, அல்லது ‘இல்லாத’ அந்தக் கருவியோ, எதுவானாலும் சரி. முத்திரையும் ‘ஆர்’ எண்ணும் இல்லாத அடாப்டரை வாங்காதீர்கள். எண் இருந்தால் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டு, வரும் கம்பெனிப் பெயரும் கையிலிருப்பதும் ஒன்றுதானா என்று கடையில் நின்றே பாருங்கள். கருவியில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் அதற்குத் தகுந்த சாதாரண 5 வோல்ட் அடாப்டரே போதும். 65 வாட் ஆசை வேண்டாம். தலையணை, மெத்தை, துணிக்குவியல் மேல் சார்ஜ் போடாதீர்கள். உப்பிய பேட்டரியை அன்றே வீட்டுக்கு வெளியே வையுங்கள். கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. ஒன்றை மெயின் போர்டில் போட எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். பையன் அந்தக் கருவியை வைத்திருப்பது தெரிந்தால் திட்டுங்கள், பிடுங்கி எறியுங்கள், ஆனால் அவன் எதில் சார்ஜ் போட்டான் என்பதையும் கேளுங்கள். அடுத்த கிராம சபையில், நம் ஊர்க் கடைகளில் சார்ஜர் சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை அவர்கள் எழுத்திலேயே தரட்டும்.